35.5 நிறையுள்ள குளோரின் அணு எங்கே இருக்கிறது?

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவர்): சார், நிறை எண் (புரோட்டான், நியூட்ரான் இரண்டின் கூட்டுத்தொகை) முழு எண்ணாகத்தான் வரும் என்கிறார்கள். குளோரினுக்கு மட்டும் 35.5 எப்படி? அரை நியூட்ரானா?

பதில்: அரை நியூட்ரான் எங்கும் கிடையாது தம்பி. 35.5 என்பது சராசரி. இயற்கையில் கிடைக்கும் குளோரினில் நூற்றுக்குச் சுமார் 76 அணுக்கள் குளோரின்-35, மீதி 24 குளோரின்-37. இரண்டிலும் புரோட்டான் 17. நியூட்ரான் மட்டும் ஒன்றில் 18, மற்றதில் 20. இவைதான் ஐசோடோப்புகள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: (35 × 76 + 37 × 24) ÷ 100 = 35.48. சரியாக 35.5 நிறையுள்ள அணுவைத் தேடினால் உலகத்தில் ஒன்றுகூட அகப்படாது. விடைத்தாளில் அதை ‘நிறை எண்’ என்று எழுதிவிடாதீர்கள், அது அணு நிறை.

கேள்வி (இல்லத்தரசி): சோடியம் தண்ணீர் பட்டால் வெடிக்கும், குளோரின் விஷ வாயு என்று மகள் படிக்கிறாள். இரண்டும் சேர்ந்த உப்பைத்தானே குழம்பில் போடுகிறோம்?

பதில்: அருமையான கேள்வி அம்மா. உப்பில் இருப்பவை சோடியம் அணுக்கள் அல்ல, சோடியம் அயனிகள், அதாவது ஓர் எலக்ட்ரானை இழந்து மின்னூட்டம் பெற்றவை. சோடியத்தின் 11 எலக்ட்ரான்களும் 2, 8, 1 என்று கூடுகளில் அமைந்திருக்கும். கடைசிக் கூட்டில் தனியாக நிற்கும் அந்த ஒன்றுதான் அத்தனை ரகளைக்கும் காரணம். குளோரினுக்கு 2, 8, 7, ஒன்று குறைகிறது. சோடியம் கொடுக்க, குளோரின் வாங்க, முன்னது 2, 8 என்று மந்த வாயுவான நியானைப் போலவும், பின்னது 2, 8, 8 என்று இன்னொரு மந்த வாயுவான ஆர்கானைப் போலவும் அடங்கிவிடுகின்றன. உலோகச் சோடியம் தண்ணீரில் பட்டதும் தூக்கிக் கொடுக்கும் எலக்ட்ரான், உப்பில் இருக்கும் சோடியத்திடம் ஏற்கெனவே இல்லை. அதனால்தான் உப்பு சத்தமில்லாமல் கரைகிறது.

கேள்வி: அப்படியானால் அயனியானதும் அது வேறு தனிமமா?

பதில்: இல்லை. அணுக்கருவை யாரும் தொடவில்லை. 11 புரோட்டான் இருக்கும்வரை அது சோடியம்தான்.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்): ஐசோடோப்பு என்றாலே கதிரியக்கம் உள்ளதுதானே?

பதில்: இந்தத் தப்பெண்ணம் பலருக்கு உண்டு. மேலே சொன்ன இரண்டு குளோரினும் நிலையானவை. கார்பனில் 12, 13 நிலையானவை. 14 மட்டும் சிதையும், அரை ஆயுள் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) சுமார் 5,730 ஆண்டுகள். கீழடியில் கிடைத்த கரிம மாதிரிகளின் வயதைக் கணிக்க உதவியது அதுதான். வாழைப்பழத்திலும் உங்கள் உடம்பிலும் உள்ள பொட்டாசியத்தில், பத்தாயிரம் அணுக்களில் ஏறக்குறைய ஒன்று கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40. பயப்பட ஒன்றுமில்லை, மனிதன் தோன்றிய நாள் முதல் அப்படித்தான்.

கேள்வி (பதினொன்றாம் வகுப்பு மாணவி): இரும்பு இரண்டு எலக்ட்ரான் இழக்கும்போது கடைசியாக நிரம்பிய 3டி-யில் (மூன்றாம் கூட்டின் ஓர் உட்பிரிவு) கழித்தேன். தப்பு என்கிறார்கள்.

பதில்: நிரப்பும்போது நான்காம் கூட்டின் உட்பிரிவான 4எஸ் முந்தும், இழக்கும்போதும் அதுதான் முந்தும். வெளிக்கூடு அதுதானே. 26 எலக்ட்ரானில் 4எஸ்-இன் இரண்டும் போக, 3டி-யில் ஆறும் அப்படியே நிற்கும். மூன்றாவது எலக்ட்ரானை இழக்கும்போதுதான் 3டி-யில் கை வையுங்கள்.