மதியம் 3 மணிக்கு ஆபீஸ் முழுக்கத் தலைவலியா? பியூரிஃபையர் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

கேள்வி: சென்னையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். 650 சதுர அடி ஹால், 18 பேர், மூன்று ஸ்பிளிட் ஏசி, ஜன்னல் எல்லாம் திறக்க முடியாத கண்ணாடி. மதியத்துக்கு மேல் தலைவலி, தூக்கம், கண் எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒன்றும் இல்லை. ஏசி சர்வீஸ்காரர் 60,000 ரூபாய்க்கு ஏர் பியூரிஃபையர் வாங்கச் சொல்கிறார். முதலாளியும் சரி என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் ஹாலுக்குள் வெளிக்காற்று வருவதற்கு வழியே இல்லை, பிரச்சினை அதுதான். ஸ்பிளிட் ஏசி வெளியிலிருந்து காற்றை எடுக்கிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. அறையில் இருக்கும் காற்றையே இழுத்து, குளிரவைத்து, திரும்ப அறைக்குள்ளேயே விடுகிறது. வெளி யூனிட்டுக்குப் போகும் செம்புக் குழாயில் ஓடுவது கேஸ் மட்டும்தான்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளிவிடுகிறார். உங்கள் ஹால் முழுக்க அடைபட்டிருந்தால் 18 பேருக்கு ஒரு மணி நேரத்தில் 2,000 பிபிஎம்மையே (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு என்ற கணக்கு) தாண்டிவிடும். வெளியே இருப்பது 420 சொச்சம்தான். கதவு திறந்து மூடுவதால் நிஜத்தில் இவ்வளவு வேகமாக ஏறாது, ஆனாலும் 1,000-ஐத் தாண்டி நின்றால் காற்று மாறவில்லை என்று அர்த்தம். அந்த அளவில் அது விஷம் இல்லை, பயப்படாதீர்கள். ஆனால் அது தேங்கினால் வியர்வை வாடை, பிரின்டர் வாடை, பெயின்ட் வாடை, பக்கத்து சீட்டுக்காரரின் சளிக் கிருமி எல்லாமே கூடவே தேங்கும். 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் கரன்ட்டை மிச்சம் பிடிக்க அமெரிக்காவில் வெளிக்காற்றைக் குறைத்துக் கட்டடங்களை அடைத்தபோது இதே புகார்கள்தான் அங்கேயும் குவிந்தன.

பியூரிஃபையருக்குள் இருக்கும் ஹெப்பா ஃபில்டர் தூசியைப் பிடிக்கும். கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்காது. இதை விற்க வருகிறவர் சொல்ல மாட்டார், ஏனென்றால் அவருக்கு அதில் கமிஷன். "ஓசோன் விட்டுச் சுத்தம் செய்கிறோம், ஆண்டு கான்ட்ராக்ட் போடுங்கள்" என்று இன்னொருவர் வருவார், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஓசோன் நுரையீரலை எரிச்சல்படுத்தும் வாயு. மேஜைக்கு மேஜை மணி பிளான்ட் வைப்பதும் கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான்.

முதலில் ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்குங்கள். 'என்டிஐஆர் (NDIR) சென்சார்', அதாவது அகச்சிவப்பு ஒளியை வைத்து அளப்பது, என்று எழுதியிருக்க வேண்டும், மலிவானவை வேறு எதையோ அளந்து உத்தேசமாக ஒரு எண்ணைக் காட்டும். மொட்டை மாடியில் வைத்தால் 420-க்குப் பக்கத்தில் வரவேண்டும். அப்புறம் ஹாலில் 10 மணிக்கும் 3 மணிக்கும் குறித்து முதலாளியிடம் காட்டுங்கள். சுவரின் ஒரு பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்ப்பக்கம் வலை போட்ட காற்றுத் துவாரம் வைத்தால் போதும். ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் கணக்கில் உங்களுக்கு மணிக்கு 650 கன மீட்டர் வேண்டும், ஃபேன் பெட்டியிலேயே அளவு போட்டிருக்கும். கரன்ட் பில் கொஞ்சம் ஏறும், ஏறட்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. துவாரம் ஜெனரேட்டர் இருக்கும் பக்கம் வரக்கூடாது. கார் பார்க்கிங்குக்கு மேலேயும் வேண்டாம். டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு வாடை கிடையாது, நீங்கள் வாங்கும் மீட்டரும் அதைக் காட்டாது, அதற்குத் தனி அலாரம் வேண்டும். உங்கள் தலைவலி பவர் கட் ஆகி ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் வருகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் நான் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. எல்லோரும் உடனே வெளியே வாருங்கள், ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லுங்கள், வாந்தியோ மயக்கமோ இருந்தால் 108-க்குப் போன் செய்யுங்கள்.

வேலை செய்யும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும் என்று 1947-ம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்திலேயே இருக்கிறது. பிளானில் ஜன்னல் காட்டி அனுமதி வாங்குகிறார்கள், பிறகு கண்ணாடி வைத்து அடைக்கிறார்கள், மீட்டரோடு வந்து பார்க்க ஒருவரும் இல்லை. அதனால் சுவரில் துளை போட அனுமதி கேட்டு, எடுத்த அளவுகளையும் இணைத்து, கட்டட உரிமையாளருக்கு உங்கள் முதலாளி பெயரில் கடிதமாகவே கொடுங்கள். வாயால் கேட்டால் "பார்க்கலாம்" என்பதோடு முடிந்துவிடும்.