பௌர்ணமி நிலாவைச் சுற்றி வட்டம் போட்டால் மறுநாள் மழை வருமா?

பௌர்ணமி நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம் பார்த்தேன், அது ஏன் வருகிறது, மழைக்கு அறிகுறியா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பார்த்த தடவை மழை வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரங்கூனில் நவம்பர் வாக்கில் வரும் தசாங்டைன் பௌர்ணமிக்கு முந்தின ராத்திரி, ஷ்வேடகோன் பகோடா என்ற புத்தர் கோயில் மேடையில் விடிய விடியக் காவித் துணி நெய்யும் போட்டி நடக்கும். பக்கத்து வீட்டு பர்மிய அக்காவோடு போயிருந்தேன். மேற்குப் பக்கம் நின்று தறியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா என் தோளைத் தட்டி, "லா எயின் ப்வே" என்றார். நிலா வீடு கட்டுகிறதாம். எங்கள் அப்பத்தா 'நிலா கோட்டை கட்டியிருக்கு' என்பாள். அவர்களுக்கு வீடு போதும், நமக்குக் கோட்டைதான் வேண்டும்!

அப்போது எட்டரை மணி இருக்கும். பகோடா உச்சிக்குப் பின்னால் நிலா மறைகிற மாதிரி நான்கடி நகர்ந்து நின்றேன். கண்ணைக் கூசும் வெளிச்சம் போனதும் வட்டம் பளிச்சென்று தெரிந்தது. கையை நீட்டிக் கட்டைவிரலை நிலா மேல் வைத்துச் சாண் விரித்தால் சுண்டுவிரல் ஏறக்குறைய வட்டத்தில் தொட்டது. வட்டத்துக்கு உள்ளே வானம் வெளியே இருப்பதைவிடக் கறுப்பாக இருந்தது.

காரணம் இதுதான். தரையிலிருந்து 6 கிலோமீட்டருக்கும் மேலே, சல்லாத்துணி போல மெல்லிய மேகம் பரவியிருக்கும். அதில் இருப்பது நீர்த்துளி இல்லை, ஐஸ் துணுக்குகள். ஒவ்வொன்றும் ஆறு பட்டைப் பென்சிலைத் துண்டு போட்ட மாதிரி. ஒரு பட்டையில் நுழையும் நிலா வெளிச்சம், ஒன்று தள்ளி அடுத்த பட்டை வழியே வெளியேறும்போது குறைந்தது 22 டிகிரியாவது வளைந்தாக வேண்டும். அதைவிடக் குறைவாக வளைய வழியே இல்லை. அதனால்தான் உள்ளே இருட்டு, விளிம்பு கூர்மை, வெளிப்பக்கம் மங்கல்.

ஆக, வட்டம் 3,84,400 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலாவைச் சுற்றி இல்லை, நம் தலைக்கு மேலேதான் இருக்கிறது. அதுவும் அக்கா பார்த்த வட்டம் வேறு, நான் பார்த்தது வேறு. அவர் கண்ணுக்கு வெளிச்சம் அனுப்பிய ஐஸ் துணுக்குகள் என் கண்ணுக்கு அனுப்பியவை அல்ல. ஒரே தறிக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கு இரண்டு கோட்டை.

நிலாவை ஒட்டினாற்போல, சாணில் கால்வாசிகூட இல்லாமல், ஓரத்தில் செம்பழுப்பாகச் சின்ன வளையம் பார்த்திருந்தால் அது வேறு சமாச்சாரம். பெரும்பாலும் நீர்த்துளி மேகத்தில் வருவது.

சரி, மழை? 'அகல்வட்டம் பகல்மழை' என்று அப்பத்தா அடித்துச் சொல்வாள். அதில் நியாயம் இருக்கிறது. மழை மேகக் கூட்டத்துக்கு முன்னால் இந்த ஐஸ் மேகம்தான் பல நேரம் முந்தி வரும். ஆனால் எங்கோ தூரத்தில் இடித்து ஓய்ந்த மேகத்தின் மேல்பகுதி காற்றில் பரவி வந்தாலும் இதே வட்டம் வரும். ரங்கூனில் ஆடி, ஆவணியில் எந்தப் பழமொழியும் பலிக்கும், வட்டம் போடாவிட்டாலும் கொட்டத்தான் போகிறது. நவம்பரில் அப்படி இல்லை. மறுநாள் நல்ல வெயில், அக்கா மட்டும் குடையோடு வந்தார்.

அடுத்த முறை போனில் படம் எடுங்கள். அகலக் கோணத்தில் வைத்து, நிலாவைத் தெருவிளக்குக் கம்பமோ கூரை ஓரமோ மறைக்கும்படி நில்லுங்கள். வட்டத்தின் உள்விளிம்பில் லேசாகச் சிவப்பு விழும். மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் சரியாகப் பிடிபடாது. எனக்கும் அன்று வெள்ளையாகத்தான் தெரிந்தது, வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தபோதுதான் சிவப்பைக் கவனித்தேன்.