மௌஸைக் கழற்றிவிட்டுத் தொடங்கட்டும்

காரிமங்கலத்திலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: "மகள் தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி வெப்சைட்டுகளைச் சோதித்துத் திருத்தும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். ஓசூரில் ஒரு பயிற்சி மையம் மூன்று மாதப் படிப்பு, சான்றிதழ், வேலை உத்தரவாதம் என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கிறது. கட்டலாமா?"

ஐயா, பணத்தைக் கட்டாதீர்கள். பெண்ணையும் தடுக்காதீர்கள்.

வேலை இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசோடு தனியார் சேவை நிறுவனங்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டும்படி சேவை தரும் கடமையை வைத்திருக்கிறது. வங்கி போன்றவை ஆளைச் சரிபார்க்கும் ஆன்லைன் கேஒய்சி-யில் கண் சிமிட்டச் சொன்னால் பார்வையற்றவரும் அமில வீச்சில் முகம் சிதைந்தவரும் என்ன செய்வார்கள்? அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று, அவர்களுக்கும் எட்டும்படி நடைமுறையை மாற்றச் சொல்லித் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் அமலில் இருக்கிறது. அந்த நாடுகளுக்கு வேலை செய்து கொடுக்கும் பெங்களூரு கம்பெனிகள் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் படிப்பு முடித்த கையோடு நேராக 'அக்சஸிபிலிட்டி டெஸ்டர்' என்று எடுக்கும் இடங்கள் குறைவு. மேனுவல் டெஸ்டிங்கிலோ (கையால் சோதிப்பது) ஃப்ரன்ட்-எண்டிலோ (கண்ணுக்குத் தெரியும் பக்கத்தைக் கட்டுவது) நுழைந்து, பிறகு இந்தப் பக்கம் திரும்புவதுதான் வழக்கம். ஆகவே உத்தரவாதம் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் இரண்டு மாதம் பக்கத்தைக் கட்டும் ஹெச்டிஎம்எல், அதற்கு அலங்காரம் செய்யும் சிஎஸ்எஸ் மட்டும். இதில் அவசரப்பட்டால் பிறகு எல்லாம் ஆட்டம் காணும். ஏன் என்பதற்கு, கிருஷ்ணகிரி மாம்பழ மண்டி ஒன்று ஆர்டர் எடுக்க வைத்திருக்கும் பக்கத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 'எத்தனை பெட்டி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கட்டம். கீழே பச்சையில் 'ஆர்டர் செய்'. கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. மௌஸைக் கழற்றிவிட்டு டேப் கீயை மட்டும் அழுத்தினால், கட்டத்திலிருந்து தாவி நேரே அடியில் உள்ள முகவரி லிங்க்குக்குப் போய்விடுகிறது. பச்சைப் பட்டனில் நிற்கவே இல்லை. காரணம், அது பட்டனே அல்ல. 'டிவ்' என்ற வெறும் பெட்டிக்குச் சாயம் பூசி, மௌஸ் கிளிக்குக்கு மட்டும் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறார்கள்.

அரைகுறையாகக் கற்றவர் அதற்கு, 'இது பட்டன்' என்று அறிவிக்கும் ரோல்=பட்டன் என்ற குறிப்பைச் சேர்ப்பார். இப்போது திரைவாசிப்பான் (பார்வையற்றவர்களுக்குத் திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) 'பட்டன்' என்று சொல்லும், டேப் இன்னும் நிற்காது. டேப்இண்டெக்ஸ் 0 சேர்த்தால் டேப் நிற்கும், என்டர் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. அதற்கும் தனி ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். டிவ்வைத் தூக்கிவிட்டு உண்மையான பட்டன் எலிமென்ட் போட்டிருந்தால் மூன்றும் இலவசமாக வந்திருக்கும். கட்டத்தின் கதையும் இதேதான். 'எத்தனை பெட்டி' என்ற எழுத்தை லேபிளாக்கி, லேபிளின் ஃபார், கட்டத்தின் ஐடி இரண்டையும் ஒரே பெயரில் இணைக்காவிட்டால் திரைவாசிப்பான் 'எடிட், பிளாங்க்' என்று மட்டும் சொல்லும். கேட்பவர் அங்கே பெட்டி எண்ணிக்கையை அடிப்பாரா, போன் நம்பரை அடிப்பாரா?

மூன்றாம் மாதம் என்விடிஏ. விண்டோஸில் ஓடும் இலவசத் திரைவாசிப்பான். 8 ஜிபி ராம் உள்ள சாதாரண லேப்டாப் தாராளம். ஹெச் அழுத்தினால் தலைப்பு தலைப்பாகத் தாவும், எஃப் படிவக் கட்டங்களுக்கு, பி பட்டன்களுக்கு. இன்சர்ட்டோடு எஃப்7 அழுத்தினால் பக்கத்தின் லிங்க்குகள் பட்டியலாக வரும். அதில் 'மேலும் படிக்க' வரிசையாகப் பத்து இருந்தால் அதுவே ஒரு குறை. பேச்சை நிறுத்த கன்ட்ரோல். இது தெரியாமல் முதல் நாளே தலைவலி என்று அன்இன்ஸ்டால் செய்பவர்கள்தான் அதிகம்.

ஆண்ட்ராய்டு போனின் திரைவாசிப்பானான டாக்பேக்கைப் போடும் முன், இரண்டு வால்யூம் பட்டன்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் அது ஆன்-ஆஃப் ஆகும்படி செட்டிங்ஸில் வைத்துவிடச் சொல்லுங்கள். டாக்பேக் ஓடும்போது ஒரு முறை தொட்டால் வாசிக்கும், இரு முறை தட்டினால்தான் திறக்கும், திரையை நகர்த்த இரண்டு விரல் வேண்டும். இது தெரியாமல் போன் கெட்டுவிட்டது என்று சர்வீஸ் கடைக்கு ஓடுபவர்களும் உண்டு.

தமிழ்ப் பக்கங்களைச் சோதிக்கத் தெரிந்தவர்கள் குறைவு; உங்கள் மகளுக்கு இது கைமுதல். பக்கத்தின் மொழி 'டிஏ' என்று குறிக்கப்படாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழைச் சிதைத்து வாசிக்கும், சில சமயம் வாயே திறக்காது. பழைய பாமினி எழுத்துருவில் அடித்த அறிவிப்புகள் இன்னும் மோசம். திரையில் 'அம்மா' என்று தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஸ்கேன் செய்து ஏற்றிய பிடிஎஃப்-இல் எழுத்தே கிடையாது, வெறும் படம்.

ஆக்ஸ், வேவ், லைட்ஹவுஸ் போன்ற தானியங்கிக் கருவிகள் வேண்டும்தான். ஆனால் குறைகளில் ஒரு பகுதிதான் அவற்றின் வலையில் சிக்கும். படத்தை விவரிக்கும் மாற்று உரை இருக்கிறதா என்று கருவி பார்க்கும். மல்கோவா படத்துக்கு 'ஐஎம்ஜி 2034' என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் விட்டுவிடும். நிற வேறுபாட்டில் மட்டும் கில்லாடி. சாதாரண அளவு எழுத்துக்குப் பின்னணியோடு 4.5-க்கு 1 வேண்டும். வெள்ளைமேல் 777777 என்ற நிறக் குறியீடு உள்ள சாம்பல் 4.48 வந்து தோற்கும், 767676 தேறிவிடும். ஒரே வரி ஸ்கிரிப்டில் எல்லாம் சரியாகும் என்று விற்கப்படும் சக்கர நாற்காலி ஐகான் விட்ஜெட்டுகளை நம்ப வேண்டாம். மேலே சொன்ன பட்டனை அது பழுது பார்த்துவிடும் என்று எண்ணி யாரும் சும்மா இருக்க முடியாது.

வெப் அணுகல்தன்மைக்கான விதிநூல் டபிள்யூசிஏஜி 2.2, வெளியானது 2023 அக்டோபரில். கம்பெனிகள் கேட்பது ஏ, ஏஏ நிலைகள், மொத்தம் 55 விதிகள். மனப்பாடம் தேவையில்லை, 1.1.1 (மாற்று உரை), 1.4.3 (நிற வேறுபாடு), 2.1.1 (கீபோர்டு), 4.1.2 (பெயர், ரோல்) ஆகியவை தானாகவே நாக்கில் நிற்கும்.

நேர்காணலில் சான்றிதழைவிட எடுபடுவது அவள் எழுதிய அறிக்கை. மூன்று வெப்சைட்டுகள் போதும்: ஒரு கடை, ஒரு கல்லூரி, ஒரு பொதுச் சேவை. ஒவ்வொரு குறைக்கும் பக்க முகவரி, எந்தக் கீயை எந்த வரிசையில் அழுத்தினாள், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும், விதி எண், பிரவுசர் மற்றும் திரைவாசிப்பானின் பதிப்பு, திருத்திய நிரல் இரண்டு வரி. இதைப் படிக்கும் டெவலப்பர் திரும்பக் கேள்வி கேட்காமல் சரிசெய்ய முடிந்தால் அவள் தேறிவிட்டாள். அடுத்தவர் தளத்தில் பொய்யான ஆர்டர் போடுவது, ஓடிபி வரை போய்ப் பார்ப்பது கூடாது. முடிந்தால், திரைவாசிப்பானை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவரிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்துக் கவனிக்கட்டும். அவர் நேரத்துக்குக் கூலி கொடுத்துவிடுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு பார்ப்பது அதற்கு ஈடாகாது.

தமிழ் வழியில் படித்தவள், ஆங்கிலம் வராதே என்ற கவலையா? அறிக்கை ஆங்கிலம் என்பது திரும்பத் திரும்ப வரும் சிறு வாக்கியங்கள்தான். மூன்று அறிக்கை எழுதினால் பழகிவிடும். வாயால் விளக்கத்தான் தனிப் பயிற்சி வேண்டும்.

வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி-யின் அறிமுகப் படிப்பை எட்எக்ஸ் என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். அணுகல்தன்மை வல்லுநர்களின் சர்வதேசச் சங்கமான ஐஏஏபி-யின் சிபிஏசிசி சான்றிதழ்த் தேர்வுக்குக் கட்டணம் டாலரில். வேலையில் சேர்ந்தபின் கம்பெனி கட்டினால் எழுதட்டும். வேலை தேடும்போது 'ஏ11ஒய்' (accessibility என்பதில் முதல், கடைசி எழுத்துகளும் நடுவில் உள்ள 11 எழுத்துகளும்: a11y) என்றும் தேடச் சொல்லுங்கள், பல விளம்பரங்கள் அந்தச் சுருக்கத்தில்தான் வரும்.

அப்படியும் அந்த மையத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்றால், மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாடம் எடுப்பவரை அவர்களுடைய சொந்த வெப்சைட்டை என்விடிஏ-வில், மௌஸ் தொடாமல், விசாரணைப் படிவம் வரை நிரப்பிக் காட்டச் சொல்லுங்கள்.