நினைவு அட்டைக்கு நான்கு வரி (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

அப்பா இறந்து அடுத்த மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. நினைவுத் திருப்பலிக்கு அட்டை அடிக்க வேண்டும். எங்கள் ஊர் தூத்தூர் பக்கம். அப்பா தங்குகடல் தொழில் செய்தவர், சுறா பிடிக்கிறவர். ஆயிரங்கால் தூண்டிலோடு (ஒரே நீளக் கயிற்றில் வரிசையாகக் கொக்கிகள் தொங்கும் தூண்டில்) லட்சத்தீவுக்கு அப்பாலும் போவார். போனால் திரும்பி வர ஒரு மாதம், சில சமயம் அதற்கும் மேல். எஞ்சின் நின்றுபோய்க் காற்றோடு மிதந்து கரைசேர்ந்த கதையை இன்றும் ஊரில் சொல்வார்கள்.

'துணிச்சல் மிக்க கடலோடி, பாசமிகு குடும்பத் தலைவர்' என்று எழுதினேன். அண்ணன் இரண்டாவதை அடித்துவிட்டான். "என் புதுநன்மைக்கு (முதன்முதலில் நற்கருணை வாங்கும் நாள்) இருந்தாரா? உன் நிச்சயதார்த்தத்துக்கு இருந்தாரா?" என்கிறான். பதின்மூன்று வயதில் போட்டின் ஐஸ் அறையில் ஒளிந்து கடலுக்குப் போகப் பார்த்தான். கண்டுபிடித்த அப்பா, கரையில் எல்லோர் முன்னிலையிலும் அவனை அடித்தார். அது அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

எனக்கும் அப்பாவுக்கும் பேச்சு குறைவு. அவருக்கு எழுதப் படிக்க வராது, எண்கள் மட்டும் தெரியும். மீன் கிடக்கிற இடங்களின் ஜிபிஎஸ் எண்களை நான்தான் நோட்டில் அழகாக எழுதிக் கொடுப்பேன். அவ்வளவுதான். நான்கு வரி நீங்கள் சொல்லித் தர முடியுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

இத்தனை ஆண்டுகளில் எனக்கு வந்த நினைவு அட்டைகள் ஒரு கட்டு இருக்கின்றன. 'பாசமிகு' இல்லாத அட்டை அதில் ஒன்றுகூட இல்லை. பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்காதவர்களுக்கும் அந்தச் சொல்லைத்தான் போட்டிருக்கிறார்கள். ஆகவே உங்கள் அண்ணன் அதை அடித்ததில் எனக்கு வருத்தமில்லை. அவர் கேட்ட கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இரண்டு நாளாக டென்சிங் நார்கேயை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நமக்கு அவர் பள்ளிப் பாடத்தில் வந்துபோன ஒரு பெயர். 1953 மே 29, எவரெஸ்ட், கூடவே ஹிலாரி. பிள்ளைகள் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த வாழ்க்கை வேறு மாதிரி தெரியும். 1935 முதல் அந்த மலைக்குப் போய்க்கொண்டே இருந்தார். 1952இல் மட்டும் சுவிஸ்காரர்களோடு இரண்டு முறை. அந்த ஆண்டின் இறுதியில் படுத்த படுக்கையாகி, பாட்னாவில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சில மாதம் கழித்து மறுபடி கிளம்பினார். மனைவி ஆங் லாமு தடுத்துப் பார்த்தார். டார்ஜிலிங்கில் ஆயா வேலை பார்த்து, கணவருக்கு மலையில் வேலை இல்லாத காலத்தில் வீட்டை ஓட்டியவர் அந்த அம்மாள். தடுக்க அவருக்கு உரிமை உண்டு. கேட்பவர்தான் இல்லை. உங்கள் அண்ணனின் கேள்வியை அந்த வீட்டிலும் யாராவது கேட்டிருப்பார்கள்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்திருக்கிறது. முதல் மனைவி தாவா புத்தி 1944இல் சித்ராலில் இறந்துபோனார். இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. மூத்த மகன் நான்கு வயதிலேயே போய்விட்டான். மிஞ்சியது பெம் பெம், நீமா என்று இரண்டு சின்னப் பெண்கள். இருவரையும் கூட்டிக்கொண்டு, இந்தியாவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடியில் இருக்கும் டார்ஜிலிங்குக்கு வந்து சேர்ந்தார். கையில் டிக்கெட் இல்லை. தான் வேலை பார்த்த மேஜர் ஒயிட்டின் பழைய ராணுவ உடுப்பை மாட்டிக்கொண்டு ரயிலில் உட்கார்ந்துவிட்டார். யாரும் கேட்கவில்லை! டென்சிங்கின் சாகசங்களில் எது பெரியது என்று என்னைக் கேட்டால் இந்த ரயில் பயணத்தையும் சேர்ப்பேன். தாயில்லாத இரண்டு பெண்களும் பொய்யான உடுப்பும், எந்த ஸ்டேஷனில் இறக்கிவிடுவார்களோ என்ற பயமும்.

1953இல் புறப்படும்போது நீமா அவரிடம் ஒரு பென்சில் கொடுத்தாள். ஒரு முனை சிவப்பு, ஒரு முனை நீலம், அந்த மாதிரிப் பென்சிலின் துண்டு. உச்சியில் அவர்கள் இருந்தது பதினைந்து நிமிடம்தான். அதற்குள் பனியில் குழி பறித்து, தெய்வத்துக்குப் படைப்பதுபோல் இனிப்புகளை வைத்தார். அவற்றோடு அந்தப் பென்சிலையும் வைத்தார். டென்சிங்குக்குப் பல மொழிகள் பேச வரும். எழுதப் படிக்கத் தெரியாது. எழுதத் தெரியாத ஒருவர் 8,848 மீட்டர் உயரத்துக்கு மகளின் பென்சிலைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியை வாசித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தது இதனால்தான்.

அவரைப் புனிதராக்க நான் முயலவில்லை. ஆங் லாமு உயிரோடு இருக்கும்போதே டாக்குவை மணந்துகொண்டவர் அவர். அந்த வீட்டுப் பெண்கள் அதை எப்படித் தாங்கினார்கள் என்பது தனிக்கதை. டாக்குவின் மகன் ஜாம்லிங் வாலிப வயதில் எவரெஸ்டுக்குப் போக ஆசைப்பட்டார். தந்தையோ ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் ஏறத் தேவையில்லாதபடிதான் நான் ஏறினேன் என்பது அவர் சொன்ன காரணம். டார்ஜிலிங் இமயமலை மலையேற்றக் கழகத்தில் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் ஏறக் கற்றுக்கொடுத்தவர் சொந்த மகனுக்கு மட்டும் கதவைச் சாத்தினார். ஐஸ் அறையிலிருந்து இழுத்துப் போட்டு அடித்த கையும் இதைத்தான் சொல்லியிருக்கும். ஊரார் முன்னால் அடித்தது தவறு, அதில் நான் உங்கள் அண்ணன் பக்கம். டென்சிங்காவது வாயால் சொன்னார்.

1986இல் டென்சிங் இறந்தார். பத்தாண்டு கழித்து, 1996 மே 23 அன்று ஜாம்லிங் உச்சிக்குப் போனார். அதே மாதம் 10ஆம் தேதி எழுந்த புயலில் எட்டுப் பேர் அந்த மலையில் செத்துப்போயிருந்தார்கள். அவர்களின் உடல்கள் கிடந்த வழியாகத்தான் ஏற வேண்டும். மேலே போய் அப்பா அம்மாவின் படத்தை வைத்தார். தன் கைக்குழந்தையின் கிலுகிலுப்பை ஒன்றையும் வைத்துவிட்டு இறங்கினார். தடுத்தவரிடமிருந்துதான் அதையும் கற்றிருக்கிறார்.

சகோதரி, பேச்சு குறைவு என்று எழுதிவிட்டு, நோட்டு விஷயத்தை 'அவ்வளவுதான்' என்று முடித்துவிட்டீர்கள். அந்த எண்ணில் ஒன்று தப்பினால் டீசலும் ஐஸும் பத்துப் பேரின் உழைப்பும் வீண். போட்டில் எழுதத் தெரிந்தவர்கள் ஒருவராவது இருந்திருப்பார்கள். அவர் அதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கொடுத்தார். நீங்கள் எழுதியதை நம்பி, கரை தெரியாத கடலில் தூண்டில் இறக்கினார்.

நான்கு வரி நான் எழுதித் தருவது சரியாக இருக்காது. இரண்டு வரியை அண்ணனை எழுதச் சொல்லுங்கள். புதுநன்மைக்கு வரவில்லை என்பதைத்தான் எழுதுவார் என்றால் அதுவே இருக்கட்டும், 'பாசமிகு'வைவிட அது மேல். உங்கள் பங்குக்கு அந்த நோட்டைத் தேடுங்கள். போட்டை விற்றபோது அதோடு போயிருந்தால் வாங்கியவரிடம் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அட்டையின் பின்புறம் அச்சிடலாம். மீன் கிடக்கிற இடத்தை ஊருக்கெல்லாம் காட்டிக் கொடுப்பதா என்று சித்தப்பாமார் யாராவது சண்டைக்கு வருவார்கள். கடைசி இரண்டு எண்ணை மட்டும் மறைத்துவிடுங்கள்.