சம்பந்தி வீட்டுப் பொண்ணு எந்த நாட்டுக்குப் போறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். என் மக கட்டியிருக்கறது பிரேசில்காரர, ரெண்டு பேருக்கும் இங்கதான் வேலை. அவரோட தங்கச்சி, அதாவது என் மகளுக்கு நாத்தனார், பெலோ ஹொரிசோன்டேங்கற ஊர்ல ஸ்கூல் கடைசி வருஷம் படிக்கறா. இங்கிலீஷ் பேசற நாட்டுக்குத்தான் போய்ப் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கறாளாம். அயர்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா, லண்டன், அமெரிக்கா எல்லாம் லிஸ்ட்ல இருக்கு. நாம சிங்கப்பூர்ல இருக்கறதால எல்லாம் தெரியும்னு நெனச்சு சம்பந்தியம்மா வாட்ஸாப்ல என்னையே கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?
– வாசகி, ஈசூன்

பதில்: அக்கா, நாடு எதுன்னு பாக்கறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுக்கு வேணுங்கறது பட்டமா இல்ல இங்கிலீஷான்னு கேக்கச் சொல்லுங்க. ஏன்னா பிரேசில்ல ஏஜண்டுங்க ரெண்டையும் ஒரே கடையில வெச்சு விக்கறாங்க, வீட்லயும் "வெளிநாட்டுப் படிப்பு"ன்னு பொதுவா சொல்லிட்டுப் போயிடறாங்க, ஆனா விசா வேற, செலவு வேற, முடிச்சிட்டு வரும்போது கைல இருக்கற பேப்பரும் வேற.

பட்டம்தான்னா, சம்பந்தியம்மா உங்ககிட்ட சொல்லாம விட்ட ஒண்ணு இருக்கு. பிரேசில்ல அரசாங்க யூனிவர்சிட்டில ஃபீஸே கிடையாது, 1988 அரசியல் சட்டத்துலயே எழுதி வெச்சிருக்காங்க. இங்க மானியம் போகவே நம்ம பிள்ளைங்களுக்கு வருஷம் எட்டாயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல கட்றோம், அதனால நமக்கு இது சட்டுனு மண்டையில ஏறாது. அவ ஊர்லயே மினாஸ் ஜெராய்ஸ் ஃபெடரல் யூனிவர்சிட்டி இருக்கு, நாட்டுல நல்ல பேர் எடுத்த இடம். சீட்டு கிடைக்கறதுதான் குதிரைக் கொம்பு. எனெம்னு ஒரு தேசியப் பரீட்சை எழுதணும், அதுல வர்ற மார்க்க வெச்சு நாடு முழுக்க இருக்கற பிள்ளைங்களோட மோதணும், அதுலயும் 2012ல வந்த சட்டப்படி ஃபெடரல் யூனிவர்சிட்டில பாதி சீட்டு அரசாங்கப் பள்ளிக்கூடத்துல படிச்சவங்களுக்கு, இவ பிரைவேட் ஸ்கூல்னா மிச்சப் பாதிலதான் இடம் தேடணும். மெடிசின் ஆசைன்னா கேக்கவே வேணாம்.

அந்த சீட்டு கிடைச்சா விட்றாதீங்கன்னு சொல்லுங்க அக்கா. பேச்சிலர்ஸ வீட்ல இருந்தே காசில்லாம முடிச்சிட்டு மாஸ்டர்ஸுக்கு வெளிய போறதுதான் என் ஓட்டு. பதினெட்டு வயசுப் பொண்ணுக்கு இது பிடிக்காது, தெரியும். ஆனா காசு கட்டப் போறது அவ இல்லியே.

இப்ப நாடுங்களுக்கு வர்றேன். பிரேசில் பிள்ளைங்க அயர்லாந்துன்னு சொன்னா அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. கால்வே பக்கம் கோர்ட்னு ஒரு சின்ன ஊர், அங்க இருந்த இறைச்சி ஃபேக்டரில வேலை பாக்க 1990கள் கடைசில பிரேசில்ல அனாபோலிஸ் ஊர்லேந்து ஆளுங்க வந்தாங்க, ஒருத்தர் வந்து அண்ணன் தம்பிய கூப்பிட்டு, அவங்க பக்கத்து வீட்டுக்காரங்கள கூப்பிட்டு, கொஞ்ச வருஷத்துல அந்த ஊர்ல தெருவுக்குத் தெரு போர்ச்சுகீஸ் கேட்டுச்சு. நம்ம ஆளுங்க மலாயாவுக்குக் கப்பல் ஏறினதும் பாதி இப்படித்தானே. இன்னிக்கு டப்ளின்ல பிரேசில் சாப்பாட்டுக் கடைங்க, சர்ச், சாப்பாடு டெலிவரி பண்ற பையனுங்கன்னு எங்க பாத்தாலும் அவங்கதான்.

பிள்ளைங்கள இழுக்கறது என்னன்னா, பிரேசில் பாஸ்போர்ட்டுக்கு அயர்லாந்துக்குள்ள போக முன்கூட்டி விசா வேணாம், எறங்கினப்புறம் இமிகிரேஷன்ல பதிஞ்சுக்கலாம். 25 வாரம் இங்கிலீஷ் கோர்ஸ்ல சேந்தா எட்டு மாசம் தங்கலாம், கிளாஸ் நாள்ல வாரம் 20 மணி நேரம், குறிப்பிட்ட லீவு மாசங்கள்ல 40 மணி நேரம் வேலை பாக்கலாம், இப்படியே கோர்ஸ் மாத்தி மாத்தி ரெண்டு வருஷம் வரை இழுக்கலாம். அங்க குறைஞ்சபட்சக் கூலி மணிக்கு 13 யூரோவுக்கு மேல. 20 மணி நேரம்னு கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு வாரத்துல வர்றது பிரேசில்ல சட்டப்படி குறைஞ்சபட்ச மாசச் சம்பளத்தவிட கூட. இத பாத்தா யாருக்குத்தான் கால் நிக்கும்?

ஆனா இந்த ரூட்ல ரெண்டு வருஷம் ஓட்டிட்டு ஹோட்டல் ரூம் கிளீனிங்கும் சைக்கிள் டெலிவரியும் பாத்து, நாலு பிரேசில்காரங்களோடயே ஒரு ரூம்ல தங்கி, இங்கிலீஷும் அரைகுறையா பட்டமும் இல்லாம திரும்பறவங்க இருக்காங்க. 2014, 2015 வாக்குல அங்க நெறைய லாங்குவேஜ் ஸ்கூலுங்க திடீர்னு இழுத்து மூடினதுல ஆயிரக்கணக்கான வெளிநாட்டுப் பிள்ளைங்க கட்டின காசும் போயி தெருவுக்கு வந்தாங்க, அதுக்கப்புறம்தான் விசாவுக்கு அங்கீகாரம் உள்ள கோர்ஸ் லிஸ்ட்ட கறாராக்கினாங்க. ஸ்கூல் பேர் அந்த லிஸ்ட்ல இருக்கான்னு பாக்காம ஒரு காசு அனுப்ப வேணாம். டப்ளின்ல ரூம் கிடைக்கறது வேற பெரிய பாடு, பாக்காத ரூமுக்கு ஆன்லைன்ல டெபாசிட் கட்டி ஏமாறற கதை அங்க ரொம்ப சகஜம்.

அதே அயர்லாந்து மாஸ்டர்ஸுக்குன்னா நான் கை தூக்குவேன். நெறைய கோர்ஸ் ஒரே வருஷம், முடிச்சவங்க ரெண்டு வருஷம் வரை இருந்து வேலை தேடலாம். பேச்சிலர்ஸ்னா அந்தச் சலுகை ஒரு வருஷம்தான். பட்டப் படிப்புக்கு ஃபீஸ் போக ஒரு வருஷச் செலவுக்கு 10,000 யூரோ காட்டணும், நம்ம காசுக்கு சுமார் 15,000 வெள்ளி, ஃபீஸ் வருஷத்துக்குப் பத்தாயிரத்துலேந்து இருபத்தஞ்சாயிரம் யூரோ வரை கோர்ஸப் பொறுத்து. பிரேசில் காசான ரெயால்ல மாத்தினா ஆறால பெருக்கிக்கச் சொல்லுங்க, சம்பந்தியம்மாவுக்கு அப்பதான் தூக்கம் கெடும்.

இன்னொண்ணு, அந்தக் குடும்பத்துல தாத்தா பாட்டி யாராச்சும் இத்தாலி, போர்ச்சுகல்காரங்களான்னு மருமகன்கிட்ட விசாரிங்க. பிரேசில்ல பாதிப் பேருக்கு இப்படி ஒரு கதை இருக்கும்போல. ஐரோப்பிய பாஸ்போர்ட் எடுக்க முடிஞ்சா அயர்லாந்துல மணிக் கணக்கெல்லாம் இல்லாம வேலை பாக்கலாம். 2025ல இத்தாலி சட்டத்த இறுக்கி பெரும்பாலும் அப்பா அம்மா, தாத்தா பாட்டியோட நிறுத்திட்டாங்க, முப்பாட்டன் பேர சொல்லி இனிமே முடியாது. பாஸ்போர்ட் கிடைச்ச உடனே ஃபீஸ் குறையும்னும் நெனைக்காதீங்க, அதுக்கு ஐரோப்பாவுல சில வருஷம் குடியிருந்திருக்கணும்.

லண்டன் ஆசை பத்தி. நம்ம பிள்ளைங்க ஏ லெவல் எழுதிட்டு நேரா பிரிட்டன்ல மூணு வருஷ டிகிரில உக்காந்துடறாங்க. பிரேசில் ஸ்கூல் சர்டிஃபிகேட்ட அங்க பெரும்பாலான இடத்துல நேரா எடுத்துக்கறதில்ல, ஃபவுண்டேஷன்னு ஒரு வருஷம் கூடுதலா படிக்கணும், அப்ப மூணு வருஷம் நாலாயிடும், ஃபீஸும்தான். அதுக்கு மேல ஆஸ்பத்திரி வசதிக்குன்னு வருஷத்துக்கு 776 பவுண்டு விசாவோட சேத்து மொத்தமா முன்கூட்டியே கட்டணும். படிப்பு முடிஞ்சு ரெண்டு வருஷம் தங்கலாம்னு இருந்ததயும் 2027 ஜனவரிலேந்து அப்ளை பண்றவங்களுக்கு 18 மாசமா குறைக்கறாங்க, பிஎச்டிக்கு மட்டும் விதிவிலக்கு.

கனடா ரொம்ப வருஷமா பிரேசில் பிள்ளைங்களுக்குச் செல்ல நாடு. இப்ப கதவு ஒருக்களிச்சிருக்கு. 2024லேந்து மாணவர் பர்மிட்டுக்கு எண்ணிக்கை வரம்பு போட்டாங்க, இந்தியா பிரேசில் எல்லாம் இருந்த வேக விசா திட்டத்த அதே வருஷம் நவம்பர்ல மூடிட்டாங்க, 2025 செப்டம்பர்லேந்து ஃபீஸ் போக 22,895 கனடா டாலர் கணக்குல காட்டணும்.

ஆஸ்திரேலியால ஒரு வசதி, கல்வியாண்டு பிப்ரவரி மார்ச்ல ஆரம்பிக்குது, பிரேசில்லயும் அப்படித்தான், டிசம்பர்ல ஸ்கூல் முடிச்சா வருஷம் வீணாகாது. கோல்ட் கோஸ்ட் பக்கம் கடலும் வெயிலும் பழகின மாதிரி இருக்கும், அவங்க ஆளுங்களும் நெறைய. ஆனா விசாவுக்கு அப்ளை பண்ற ஃபீஸ் மட்டும் 2024 ஜூலைல 710 ஆஸ்திரேலிய டாலர்லேந்து 1,600 ஆச்சு, 2025 ஜூலைல 2,000 ஆச்சு. விசா கிடைக்கலன்னாலும் அந்தக் காசு வராது.

அமெரிக்கா? மொத வருஷம் வளாகத்துக்கு வெளிய வேலை பாக்கவே முடியாது, உள்ள பாக்கறதும் வாரம் 20 மணி நேரம்தான், அதனால சம்பாதிச்சுப் படிக்கறேன்ங்கற பேச்சு அங்க செல்லாது. ஒரே ஒரு விஷயம், பொண்ணு படிப்புல உண்மையிலேயே கெட்டிக்காரின்னா ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி மாதிரி இடங்கள்ல வெளிநாட்டுப் பிள்ளையா இருந்தாலும் குடும்ப வருமானத்த பாத்து உதவித்தொகை குடுக்கறாங்க, சீட்டு குடுக்கறப்ப காசிருக்கான்னு பாக்கறதும் இல்ல. பிரேசில்லயே எஜுகேஷன் யூஎஸ்ஏன்னு அமெரிக்க அரசாங்க ஆதரவுல ஆலோசனை மையங்கள் இருக்கு, ஏஜண்டுக்குக் காசு குடுக்கறதுக்கு முன்னாடி அங்க போய் உக்காரட்டும்.

கேள்வி: பிரேசில் அரசாங்கமே ஸ்காலர்ஷிப் குடுத்து பிள்ளைங்கள வெளிய அனுப்புதாமே, நம்ம பொதுச் சேவை ஆணையம் குடுக்கற பிஎஸ்சி ஸ்காலர்ஷிப் மாதிரியா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: அனுப்பிச்சு. 2011ல டில்மா ரூசெஃப் அதிபரா இருந்தப்ப "எல்லைகளில்லா அறிவியல்"னு ஒரு திட்டம், ஒரு லட்சத்துச் சொச்சம் ஸ்காலர்ஷிப்னு இலக்கு வெச்சு இஞ்சினியரிங், சயன்ஸ் பிள்ளைங்கள ஒரு வருஷம் வெளிநாட்டு யூனிவர்சிட்டிக்கு அனுப்பினாங்க. பிஎஸ்சி மாதிரி பொறுக்கியெடுத்த கொஞ்சம் பேர் இல்ல, பெருங்கூட்டம். வேடிக்கை என்னன்னா மொதல்ல பிள்ளைங்க கும்பலா போர்ச்சுகல கேட்டாங்க, பாஷை ஒண்ணுதானே, இங்கிலீஷ் டெஸ்ட் தேவையில்ல. கடுப்பாகி 2013ல பேச்சிலர்ஸ் பிள்ளைங்களுக்கான லிஸ்ட்லேந்து போர்ச்சுகலயே தூக்கிட்டாங்க, கூடவே இங்கிலீஷ் கத்துக்குடுக்க தனியா ஒரு திட்டம் ஓடுச்சு. அப்பவும் 2014ல கனடா, ஆஸ்திரேலியா போனவங்கள்ல சிலர இங்கிலீஷ் மார்க் பத்தலன்னு திருப்பிக் கூப்பிட வேண்டியதாச்சு. 2015ல பொருளாதாரம் கவுந்தப்ப புது ஸ்காலர்ஷிப் நின்னுச்சு, 2017ல திட்டத்தயே முடிச்சிட்டாங்க. அதனால ஈசூன் அக்கா, யாராச்சும் ஏஜண்டு இந்தப் பேர சொல்லி ஃபார்ம் நீட்டினா வாங்காதீங்க.

என்னப் பொறுத்தவரை அந்தத் திட்டம் சறுக்கினது காசுல மட்டும் இல்ல. அங்க அரசாங்கப் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு பீரியட்தான், காசிருக்கற வீட்டுப் பிள்ளைங்க சாயங்காலம் தனியார் லாங்குவேஜ் ஸ்கூலுக்குப் போறாங்க, இங்க டியூஷன் மாதிரி. பள்ளிக்கூடத்துல விட்டத பிளேன் டிக்கெட்ல பிடிக்கப் பாத்தாங்க.

கேள்வி: சிங்கப்பூரும் இங்கிலீஷ் நாடுதானே, பாதுகாப்பு வேற. பிரேசில் பிள்ளைங்க ஏன் இங்க வர்றதில்ல? நம்ம சிங்லிஷ்ஷ பாத்து பயந்துட்டாங்களா?
– வாசகி, செங்காங்

பதில்: சிங்லிஷ்ஷ பாவம் விட்ருங்க, அது யாரையும் வெரட்டல லா. வேலைதான் காரணம். இங்க என்யூஎஸ், என்டியூ மாதிரி அங்கீகாரம் உள்ள இடத்துல படிக்கறவங்கதான் டெர்ம் நேரத்துல வாரம் 16 மணி நேரம் வேலை பாக்கலாம், தனியார் லாங்குவேஜ் ஸ்கூல் மாணவங்களுக்கு அது கிடையாது. டப்ளின் மாதிரி கோர்ஸ் சேந்து பார்ட் டைம் பாக்கற ரூட்டே இங்க இல்ல. பட்டத்துக்கு வர்றவங்களுக்கு அரசாங்க மானியம் எடுத்தா படிப்பு முடிச்சு மூணு வருஷம் சிங்கப்பூர்க் கம்பெனில வேலை பாக்கணும்னு ஒப்பந்தம், அது தண்டனைன்னு சிலர் நெனைக்கறாங்க, எனக்கென்னமோ வேலை தேடற பிள்ளைக்கு அதுவே நல்ல சாக்குன்னு தோணுது.

தூரமும் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2011லேந்து 2016 வரை பார்சிலோனா வழியா சாவ் பாலோவுக்கு ஓட்டினாங்க, நிறுத்தியாச்சு. நேர வித்தியாசம் 11 மணி, அம்மாவுக்கு ஃபோன் பண்ணணும்னா ஒருத்தர் தூக்கம் போகும். சாவ் பாலோல பொறந்த, ஃபேஸ்புக்க ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான எட்வர்டோ சாவரின் இங்க குடியிருக்கறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், ஆனா அவரு படிச்சது ஹார்வர்ட்ல, இங்க வந்தது காசோட. அது வேற கணக்கு.

கேள்வி: அண்ணே, டிசம்பர்ல எனக்கு ஓஆர்டி, தேசிய சேவை முடியுது. அயர்லாந்துல லாங்குவேஜ் கோர்ஸ் சேந்தா வேலையும் பாக்கலாம்னு டிக்டாக்ல பாத்தேன். சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கும் விசா வேணாமாம். போகலாமா?
– வாசகர், தோ பாயோ

பதில்: தம்பி, ஓ லெவல் இங்கிலீஷ் எழுதி பாஸ் பண்ணிட்டு "திஸ் இஸ் எ பென்" கிளாஸ்ல 25 வாரம் உக்காரப் போறீங்களா? அது இங்கிலீஷ் தெரியாதவங்களுக்கான வழி, வாசல்லயே இமிகிரேஷன் ஆபீசர் சிரிச்சுட்டுக் கேள்வி கேப்பாரு. ஊர் சுத்தி வேலையும் பாக்கணும்னா ஆஸ்திரேலியால ஒர்க் அண்ட் ஹாலிடே விசா இருக்கு, 18லேந்து 30 வயசுக்குள்ள சிங்கப்பூர்க்காரங்களும் அப்ளை பண்ணலாம், ஆனா படிப்புத் தகுதி கேப்பாங்க, அத மொதல்ல பாத்துக்குங்க. போறதுக்கு முன்னாடி தற்காப்பு அமைச்சுக்கு வெளிநாடு போறத தெரிவிச்சிட்டுப் போங்க.