பள்ளி நாடகத்துக்குப் பணம்: மேடை கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். தமிழ் வழியும் மலையாள வழியும் உள்ள பள்ளி. ஆண்டுவிழாவுக்கு வருடா வருடம் பிள்ளைகளை வைத்து நாடகம் போடுகிறேன். உடுப்பு, மேக்கப், மைக் செட் என்று பாதிச் செலவு என் கையிலிருந்துதான். இந்த வருடம் நாடக மன்றம் என்று முறையாகத் தொடங்கலாம் என்கிறார் ஹெச்.எம். பி.டி.ஏ. என்ற பெற்றோர்-ஆசிரியர் சங்கக் கூட்டத்திலோ, "டிக்கெட் போட்டு வசூல் பண்ணுவோம், முதலில் நல்ல மேடை கட்டுவோம்" என்கிறார்கள். இருக்கிற ஹாலில் எதிரொலி தாங்கவில்லை. எதில் தொடங்குவது? பணத்தை எப்படித் திரட்டி, யார் கையில் வைப்பது?

பதில்: டீச்சர், மேடைப் பேச்சை இந்த வருடம் தள்ளி வையுங்கள். மேடை வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டடத்துக்கான பணமும் வருடாவருடம் நாடகம் நடத்துவதற்கான பணமும் வேறு வேறு பைகளிலிருந்து வருகின்றன. கட்டடத்துக்கு அரசுப் பணம் உண்டு. மனுக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். நடத்துவதற்கான பணத்தை ஊரில்தான் திரட்டியாக வேண்டும். உங்கள் கையைக் கடிப்பது இந்த இரண்டாவது செலவு. ஊரில் திரட்டியதை எல்லாம் சிமெண்டில் போட்டுவிட்டால், அடுத்த ஆண்டுவிழாவிலும் மைக் செட்டுக்காரருக்கு நீங்கள்தான் பர்ஸைத் திறப்பீர்கள். அழகாக மேடை கட்டி, அதில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருக்கும் பள்ளிகள் எல்லைக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு.

கட்டட விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கேரளத்தில் அரசு உயர்நிலைப் பள்ளிகள் மாவட்டப் பஞ்சாயத்தின் பொறுப்பில் இருக்கின்றன. கிராமப் பஞ்சாயத்துத் தலைவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் டிவிஷனின் மாவட்டப் பஞ்சாயத்து உறுப்பினரை. ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கான திட்டங்களை அதற்கு முன்பே எழுதி முடித்துவிடுவார்கள். அதனால் நவம்பர், டிசம்பரில் மனு அங்கே இருக்க வேண்டும். எஞ்சினியர் போட்ட எஸ்டிமேட்டும் கூடவே இருந்தால் பாதி வேலை முடிந்தது. எம்.எல்.ஏ. நிதியும் எம்.பி. நிதியும் அடுத்த வழி. எம்.பி. நிதி வருடத்துக்கு 5 கோடி ரூபாய், ஆனால் நிலைத்து நிற்கும் சொத்துக்கு மட்டும்தான். கூரை கேட்கலாம், உடுப்பு வாடகை கேட்க முடியாது. மனுவில் "நாடக மேடை" என்று எழுதாமல், அசெம்பிளி, பி.டி.ஏ. கூட்டம், கலை நிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் பயன்படும் அரங்கம் என்று எழுதுங்கள். உண்மையும் அதுதான்.

எஞ்சினியர் வரும் நாளில் ஒன்றை மட்டும் விடாதீர்கள். திறந்தவெளி மேடை என்றால் அதன் முதுகு கிழக்கே இருக்கட்டும். டிசம்பர், ஜனவரியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேடையின் வாய் கிழக்கே பார்த்தால் பின்படுதா பாய்மரம் ஆகிவிடும், மைக்கில் வசனத்தை விடக் காற்றுதான் கேட்கும்.

இனி வருடச் செலவு. உங்களிடம் 50,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான் என்றால் ஒலிக்கு 18,000, உடைக்கும் ஒப்பனைக்கும் 10,000, விளக்குக்கு 7,000, திரைக்கும் செட்டுக்கும் 5,000, பிள்ளைகளின் டீ, பலகாரம், வண்டிக்கு 5,000 என்று ஒதுக்கி, மீதி 5,000 ரூபாயைக் கடைசி நாள் வரை தொடமாட்டேன். கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சி வாடகையைக் கேட்டு நீங்கள் இதை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒலி முதலிடத்திலேயே இருக்கட்டும். பள்ளி நாடகங்கள் பெரும்பாலும் விழுவது செட் சரியில்லாமல் அல்ல. மூன்றாவது வரிசைக்கு வசனம் கேட்காமல். நாம் பட்டுத்துணிக்குக் கொடுக்கும் பணத்தை மைக்குக்குக் கொடுக்க யோசிக்கிறோம்.

உங்கள் ஹாலின் எதிரொலிக்குப் பெரிய செலவு தேவையில்லை. மொட்டைச் சுவர்களும் தகரக் கூரையும் வெறும் தரையும்தான் சத்தத்தைத் திருப்பி அனுப்புகின்றன. மேடைக்கு எதிர்ச் சுவரில், அதாவது பார்வையாளர்களின் முதுகுக்குப் பின்னால், கனமான துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். தரையில் கயிற்றுப் பாய் விரியுங்கள். கேரளத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ஒரு பெரிய ஸ்பீக்கரை அலறவிடுவதற்குப் பதில், சின்ன ஸ்பீக்கர்கள் நான்கைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். ஆட்கள் நிறைந்த ஹாலில் எதிரொலி தானாகவே குறையும், ஒத்திகையில் கேட்டுப் பயப்பட வேண்டாம். முட்டை அட்டை ஒட்டும் யோசனையோடு யாராவது வருவார்கள். பலன் கொஞ்சம், தீப்பிடிக்கும் ஆபத்து நிறைய. மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

காலர் மைக் பிள்ளைகளுக்கு வேண்டாம். துணி உரசும், பேட்டரி இறங்கும், இருப்பதும் நாலு பேருக்குத்தான் வரும். மேடையின் முன்விளிம்பிலும் மேலே தொங்கவிட்டும் மூன்று மைக் போதும். குரலைத் தூக்கிப் பேசும் பழக்கத்தை ஒத்திகையிலேயே கொண்டுவாருங்கள். மைக் செட்டுக்காரரிடம் பேரம் பேசும்போது, கடைசி ஒத்திகைக்கும் அவர் வர வேண்டும் என்பதைச் சேர்த்துப் பேசுங்கள். ஒலிபெருக்கிக்குப் போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. தலைமை உரைகளின் நீளத்தை இந்தக் கணக்கோடு பொருத்திப் பார்க்க ஹெச்.எம்மிடம் சொல்லுங்கள்.

ஒலிக்கருவியை வாடகைக்கே எடுங்கள், அதோடு ஆளும் வருவார். விளக்கை வாங்கிவிடலாம். பழைய ஹாலோஜன் விளக்கு ஒன்று 1,000 வாட் என்றால் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்கில் நாலாவதை மாட்டினால் எல்லை தாண்டிவிடும். பள்ளியின் பழைய வயரிங் மூன்றையே தாங்குமா என்பது சந்தேகம். எல்.இ.டி. பார் (PAR) விளக்கு பெரும்பாலும் 200 வாட்டுக்குள் அடங்கும், ஆறு போட்டாலும் ஒரு பிளக் போதும். எர்த்தும், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இருக்கிறதா என்று ஓர் எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்ன பிறகே பிள்ளைகளை வயர் பக்கம் விடுங்கள்.

சரி, பணம் எங்கே? டிக்கெட் யோசனையை நான் ஆதரிக்கவில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பள்ளிகளுக்கு ஒரு சலுகை தருகிறது. ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், பள்ளியோடு தொடர்புள்ளவர்கள் ஆகியோர் மட்டுமே பார்க்கும் பள்ளி நிகழ்ச்சியில், மாணவர்களும் ஆசிரியர்களும் ஒரு நாடகத்தை நடித்தால் அது உரிமை மீறல் ஆகாது. டிக்கெட் போட்டு ஊரையே உள்ளே விட்டால் அந்தச் சலுகை போய்விடும். உள்ளாட்சியின் கேளிக்கை வரி பற்றிய கேள்வியும் கிளம்பும். யூட்யூபில் ஏற்றுவதும் இந்தச் சலுகைக்குள் வராது. சினிமாப் பாட்டு இருந்தால் உடனே உரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். வெளியாட்களுக்கும் நடத்த ஆசை என்றால், உரிமைக் காலம் முடிந்த எழுத்தாளர்களிடம் போங்கள். இந்தியாவில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள், 1948இல் மறைந்த புதுமைப்பித்தன், 1964இல் மறைந்த பம்மல் சம்பந்த முதலியார் எல்லோருடைய எழுத்தும் இப்போது பொதுச் சொத்து. புதுமைப்பித்தன் கதைகளை உங்கள் பிள்ளைகளே நாடகமாக்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

டிக்கெட்டுக்குப் பதில் விழா மலர் விளம்பரம். அரிசி மில், தேங்காய் மண்டி, விதைக் கடை, ஜவுளிக் கடை, டிராவல்ஸ் என்று உங்கள் பகுதியிலேயே கால் பக்கம், அரைப் பக்கம் வாங்க ஆள் இருக்கிறது. கேரளத்துக்கே கள் அனுப்பும் தாலுகா ஆயிற்றே, கள்ளுக்கடைக் காண்ட்ராக்டரும் தாராளமாகக் கொடுக்க முன்வருவார். அவரை வரவேற்று உட்கார வையுங்கள், மலரில் கடைப் பெயர் மட்டும் வேண்டாம். பள்ளியில் அது ஒரு நாள் பிரச்சினையாகித் திரும்பி வரும்.

பொதுவாக "நாடகத்துக்கு உதவுங்கள்" என்று கேட்டால் நூறு ரூபாய் கிடைக்கும். "இரண்டு விளக்கு, இன்ன விலை, இன்ன கடையின் கொட்டேஷன்" என்று தாளை நீட்டினால் இரண்டு விளக்கு கிடைக்கும். கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் உங்கள் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இந்த முறை நன்றாக வேலை செய்யும். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கும் இதேதான். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, ஆண்டு லாபம் 5 கோடியோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வி, கலை இரண்டும் அதில் சேரும். தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சட்டமே சொல்கிறது. பணமாக வாங்கும் அமைப்புகளுக்குத் தனிப் பதிவு தேவை என்பதால் பி.டி.ஏ. சிக்கலில் மாட்டும். பொருளாகக் கேளுங்கள்: கம்பெனியே வாங்கிப் பள்ளிக்குக் கொடுக்கட்டும், நீங்கள் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளிடம் கட்டாய வசூல் கூடாது. எட்டாம் வகுப்பு வரை இலவசக் கல்வி சட்டப்படி உரிமை. அதற்கு மேலேயும், பணம் கொடுத்த பிள்ளைக்குத்தான் வேஷம் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால் உங்கள் மன்றம் முடிந்தது.

செலவைக் குறைக்கும் பெரிய வழி நாடகத்தின் வடிவத்திலேயே இருக்கிறது. உங்கள் மாவட்டத்துப் பொறாட்டு நாடகத்தைப் பாருங்கள். சோத்யக்காரன் ஒருவன் மேடையில் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொரு வேஷத்தையும் கேள்வி கேட்கிறான். தமிழும் மலையாளமும் கலந்து பாட்டும் பேச்சுமாகப் பதில் வருகிறது. செட் கிடையாது, காட்சி மாற்றம் கிடையாது. இரண்டு வழியிலும் படிக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தோன்றவில்லை. பழைய வேஷங்களில் பல சாதியைச் சொல்லிச் சிரிக்க வைப்பவை. அவற்றை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் எடுங்கள். செக்போஸ்ட் கிளார்க், பஸ் கண்டக்டர், தேங்காய் வியாபாரி, ரேஷன் கார்டோடு அலையும் பாட்டி என்று பிள்ளைகளே எழுதிவிடுவார்கள்.

கேரளப் பள்ளிகளுக்கு இடையே நடக்கும் கலைப்போட்டியான கலோற்சவத்தின் நாடகத்தை இந்தக் கணக்கோடு கலக்காதீர்கள். அதற்கு வெளியிலிருந்து இயக்குநரை அழைப்பது, செட் ஏற்றிப் போவது என்று செலவு ஓடிக்கொண்டே இருக்கும், சில பிள்ளைகள்தான் மேடை ஏறுவார்கள். மன்றம் காலூன்றுவதற்கு முன் அதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஹெச்.எம். வற்புறுத்தினால் தனி நோட்டு, தனி வசூல்.

பணம் உங்கள் பெயரிலோ உங்கள் ஜிபேயிலோ ஒரு ரூபாய்கூட வரக்கூடாது. ஹெச்.எம்மும் பி.டி.ஏ. தலைவரும் சேர்ந்து கையெழுத்திடும் கணக்கில் நாடகத்துக்கு என்று தனிப் பக்கம், எண் போட்ட ரசீது புத்தகம், ஒவ்வொரு செலவுக்கும் வவுச்சர். ஆண்டுவிழா முடிந்து பதினைந்து நாளில் வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். அடுத்த வருடம் அதே மில்காரரிடம் போக அந்தத் தாள் ஒன்றே போதும்.

ஒத்திகைக்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள். கடைசி பஸ்ஸைப் பார்த்து நேரத்தை முடிவு செய்யுங்கள், நாடகம் நன்றாகப் போகிறது என்று நீட்டிக்காதீர்கள். வெளியாள் யார் சொல்லிக்கொடுக்க வந்தாலும் ஓர் ஆசிரியை எப்போதும் கூட இருக்க வேண்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தெரியாத பயிற்சியாளரை உள்ளே விட வேண்டாம். பத்தாம் வகுப்புக்கு மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. இருப்பதால் அவர்களுக்குச் சின்ன வேஷம் போதும். முழுப் பொறுப்பையும் ஒன்பதாம் வகுப்பிடம் கொடுங்கள். அவர்களில் நடிக்க வராத, ஆனால் எதையும் மறக்காத ஒரு பிள்ளை இருக்கும். மேடை நிர்வாகம் அந்தப் பிள்ளைக்கு: வசனப் பிரதி, யார் எப்போது உள்ளே, எந்தப் பொருள் எங்கே என்ற பட்டியல் எல்லாம் அதன் கையில்.

அப்புறம், நீங்கள் அரசு ஆசிரியை, என்றைக்காவது டிரான்ஸ்பர் வரும். கொட்டேஷன்கள், விளம்பரம் தந்தவர்களின் பட்டியல், அனுமதிக் கடித நகல், உடுப்பு ஸ்டாக், வசனப் பிரதி எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுப் பள்ளி அலமாரியில் வையுங்கள், வீட்டில் வேண்டாம். இரண்டாவது ஆசிரியர் ஒருவரை இந்த வருடமே சேர்த்துக்கொள்ளுங்கள். மலையாள வழி மாஷ் யாராவது கிடைத்தால் இன்னும் நல்லது, இரண்டு வழிப் பெற்றோரும் வருவார்கள்.