நாலாயிரமும் இருநூற்றுப் பதினெட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தங்கை எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு பிஎச்.டி.க்கு நெறியாளர் தேடுகிறாள். கிராஃப் அல்காரிதம்தான் விருப்பம், அதாவது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமாக ஒரு வலையை வைத்துக் கணக்குப் போடும் முறைகள். இருவர் சம்மதித்திருக்கிறார்கள். கூகுள் ஸ்காலரில் ஒருவருக்கு மேற்கோள் 4,000, எச்-இண்டெக்ஸ் 31. மற்றவருக்கு 218, வெறும் 6. முதலாமவர் தலைப்பும் கொடுத்துவிட்டார்: தொண்டி முதல் மூக்கையூர் வரை மீன் ஏற்றும் வண்டிக்கு மிகக் குறைந்த தூர வழி, சாம்பல் ஓநாய் அல்காரிதத்தில் (ஓநாய்க் கூட்டம் வேட்டையாடுவதைப் பார்த்து உருவாக்கிய, நல்ல விடையைத் தேடும் முறை). எண்களைப் பார்த்து முடிவெடுக்கலாமா?

காசிம், கீழக்கரை

அன்புள்ள காசிம்,

அந்த 6 எப்படி வருகிறது என்று பாருங்கள். எச்-இண்டெக்ஸ் 6 என்றால், தலைக்கு ஆறு மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் ஆறு இருக்கின்றன, ஏழுக்கு ஏழு என்று தேறவில்லை. ஒன்பது கட்டுரைகளின் மேற்கோள்கள் 120, 45, 22, 11, 9, 6, 4, 1, 0 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 218. ஆறாவதற்கு 6 இருக்கிறது, ஏழாவதற்கு 7 இல்லை, அங்கேயே நின்றுவிடும். முதல் கட்டுரை 1,200 ஆனாலும் எச்-இண்டெக்ஸ் 6தான்.

இரண்டு பேரும் ஒரே சந்தையில் விற்பவர்களும் இல்லை. ஓநாய் (2014), திமிங்கிலம் (2016) வகையறாவில், அதே முறையை வேறொரு தரவில் ஓட்டுகிறவர் எல்லாம் மூலக் கட்டுரையோடு பத்துப் பதினைந்தைச் சேர்த்து மேற்கோள் காட்டிவிடுவார். தேற்றங்களை நிறுவும் கிராஃப் ஆய்வில் நகர்வு மெதுவானது. எல்லா ஊருக்கும் போய்த் திரும்ப, மிகக் குறைந்த தூரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகாத ஒரு வழியை வேகமாகக் கண்டுபிடிக்கலாம் என்று கிறிஸ்டோஃபிடிஸ் என்ற ஆய்வாளர் காட்டியது 1976இல். பொது வடிவத்தில் அந்த ஒன்றரையை மயிரிழை அளவு குறைக்க 2020 ஆயிற்று. அங்கே ஆசிரியர் பெயர்கள் பெரும்பாலும் அகரவரிசையில் வரும். மூன்றாவது பெயர் என்றால் வேலை குறைவு என்று கணக்குப் போடாதீர்கள்.

தங்கை செய்ய வேண்டியது இது. இருவரின் முதன்மைக் கட்டுரையிலும் மேற்கோள் எண்ணைச் சொடுக்கி, காட்டியவற்றில் பத்தைத் திறக்கட்டும். எத்தனை அவரும் அவர் மாணவர்களும் எழுதியவை? மீதியில், முன்னுரையில் 3 முதல் 17 வரை என்று மூட்டையாகக் கட்டிய மேற்கோள் எத்தனை, தேற்றத்துக்குள்ளோ சோதனைக்குள்ளோ உண்மையில் பயன்பட்டது எத்தனை? பத்தில் இரண்டு அப்படித் தேறினாலே நல்ல அறிகுறி.

நம் பெயர்களில் இன்னொரு சிக்கல். குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்து மட்டும். 'மு. செந்தில்' என்ற பக்கத்தில் நாலு செந்தில்களின் கட்டுரைகள் சேர்ந்துகொள்ளும். ஒரே செந்தில் 'செந்தில் மு.' என்று இரண்டாகப் பிரிந்தும் கிடப்பார். பயிர் நோய், கான்கிரீட் என்று பொருந்தாத தலைப்புகள் நடுவில் தெரிந்தால் 4,000ஐ நம்ப வேண்டாம். டிபிஎல்பி தளத்தில் கணினியியல் கட்டுரைகளை மட்டும் தனியே பார்க்கலாம்.

இனி அந்தத் தலைப்பு. ராமநாதபுரத்தை நடுவில் வையுங்கள். ஒரு கிளை தேவிபட்டினம், தொண்டி. ஒன்று மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம். ஒன்று கீழக்கரை, ஏர்வாடி, அதிலிருந்து வாலிநோக்கத்துக்கும் மூக்கையூருக்கும் பிரிவுகள். ஊர்களைக் கணுக்கள் என்றும் சாலைகளை விளிம்புகள் என்றும் வைத்தால், உள்சாலைகளை விட்டு இது மரம், அதாவது சுற்றி வர வேறு வழி இல்லாத கிராஃப். பாம்பன் சாலைப் பாலம் கிராஃப் மொழியிலும் பாலமே: அந்த ஒரு விளிம்பை எடுத்தால் தீவு தனியாகிவிடும். மரத்தில் எல்லாக் கணுவையும் தொட்டுத் திரும்ப ஒவ்வொரு விளிம்பையும் இரண்டு முறை கடக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு கிளையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் எந்த வரிசையிலும் தூரம் ஒன்றே. ஓநாய்க்கு அங்கே வேலை இல்லை.

கஷ்டம் நேரத்தில் இருக்கிறது. படகு எப்போது கரையேறும், ஐஸ் எத்தனை மணி தாங்கும் என்ற வரம்புகள் வந்தால் ஒரே நேர்கோட்டில் கிடக்கும் ஊர்களுக்கே கணக்கு என்பி-முழுமை ஆகிவிடுகிறது, அதாவது வேகமாகத் தீர்க்கும் பொது முறை எதுவும் இதுவரை யாருக்கும் தெரியாத வகை. ட்ஸிட்ஸிக்லிஸ் என்ற ஆய்வாளர் 1992இல் நிறுவியது. தங்கை முதலில் படிக்க வேண்டிய கட்டுரை அது. கூடவே, தரவு எந்த மாதத்தில் எடுப்பதாக உத்தேசம் என்று முதல் நெறியாளரிடம் கேட்கச் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு ஒன்றும் கரையேறாது. கோடை விடுமுறையில் எடுத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தால், 218 மேற்கோள்காரரைப் போய்ப் பார்க்கட்டும்.